பால் நின்னுச்சு, பரு வந்துச்சு

பதினாறு வயசுல எனக்கு வராத முகப்பரு, 31 வயசுல வந்துச்சு. ஒன்னு ரெண்டு இல்லைங்க. கன்னத்துக்குக் கீழே, தாடை ஓரம் முழுக்க, கழுத்து ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் வரிசை கட்டி வந்துச்சு. பத்தாங்கிளாஸ்ல கூடப் படிச்ச பொண்ணுங்க எல்லாம் பருவைக் கிள்ளிட்டு அழுதுக்கிட்டு இருந்தப்போ, "நான்லாம் சோப்பு கூட ஒழுங்கா போடறதில்லப்பா"ன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சவ நான். அந்தப் பாவத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமா வசூல் பண்ணிடுச்சு என் மூஞ்சி.

ஏன் வந்துச்சு, எப்படிப் போச்சு, நடுவுல நான் அடிச்ச கூத்து என்னன்னு எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா யோசனை. பிள்ளை பெத்துக்கறதைப் பத்தி ஆயிரம் பேர் பேசறாங்க. பால் குடுக்கறதைப் பத்தி ஆஸ்பத்திரி சுவர் பூரா படம் போட்டு ஒட்டியிருக்காங்க. பாலை நிறுத்தினதுக்கு அப்புறம் அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்னு நான் பார்த்த எந்தச் சுவர்லயும் ஒரு வரி கூட இல்ல. அதான் இந்தப் பதிவு. (ஆண்கள் ஓடிடாதீங்க, உங்க வீட்டுக்கும் உபயோகப்படும்.)

சரி, கொசுவத்தி சுத்த ஆரம்பிக்கிறேன். போன வருஷம் சித்திரை மாசம்.

பாப்புவுக்கு அப்போ 1 வயசு 7 மாசம். பகல்ல சோறு, இட்லி, வாழைப்பழம் எல்லாம் வெளுத்துக் கட்டும். ஆனா நான் ஆபீஸ்ல இருந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள "பா... பா..."ன்னு துப்பட்டாவைப் பிடிச்சுத் தொங்கும். ராத்திரி ஒரு தடவை, விடியற்காலைல ஒரு தடவை. ஆஸ்பத்திரில குடுத்த தாள் எனக்கு மனப்பாடம். முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மத்த சாப்பாட்டோட சேர்த்து 2 வயசு வரைக்கும், முடிஞ்சா அதுக்கு மேலயும் குடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எப்படியும் 2 வயசைத் தொட்டுடணும்னு மனசுக்குள்ள ஒரு வைராக்கியம். பரீட்சைல மார்க் வாங்கற மாதிரி.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல 5 நாள் பயிற்சி, புனேல. "முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்"னார் மேனேஜர். வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு இந்த வாக்கியத்தோட முழு அர்த்தமும் தெரியும். பிரசவ லீவு 26 வாரம் எடுத்தாச்சு, அதுக்கு அப்புறம் காய்ச்சல் லீவு, தடுப்பூசி லீவு, ஆயா வரலை லீவு எல்லாம் எடுத்தாச்சு. "போறேன் சார்"ன்னேன். கையில இருந்தது 10 நாள்.

அம்மா மதுரைல இருந்து போன்ல வைத்தியம் சொன்னாங்க. "வேப்பிலையை அரைச்சுத் தடவுடி. ரெண்டே நாள்ல மறந்துரும். நீயும் உன் தம்பியும் அப்படித்தான் மறந்தீங்க." தடவினேன். பாப்பு ஆசையா வந்து வாயை வச்சுது. மூஞ்சி எட்டு கோணலா போச்சு. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க, "உன்னை நம்பித்தானே வந்தேன்"ங்கற மாதிரி. அழல. இறங்கி, தத்தித் தத்தி உள்ள போய், சமையல்கட்டுல தொங்கின கைத்துணியை இழுத்துக்கிட்டு வந்து என் கைல குடுத்துச்சு. "ம்மா, தொட."

சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கழுவிட்டு வந்து குடுத்துட்டேன். வேப்பிலை வைத்தியம் அன்னையோட காலி.

ஒவ்வொரு வேளையா மெதுவாக் குறைக்கணும், ஒரு வேளையை விட்டுட்டு உடம்பு பழகினதும் அடுத்ததை விடணும்னு எல்லாம் எனக்குத் தெரியும். 10 நாள்ல எங்க மெதுவா? சாயங்காலத்தை நிறுத்தினேன். ராத்திரி வேளைக்கு ரங்கமணி தோள்ல போட்டுக்கிட்டு மொட்டை மாடில நடந்தார். விடியற்காலை மட்டும் என்னால முடியல. கிளம்பற அன்னைக்கு 4 மணிக்குக் கடைசியா குடுத்தேன். அது கடைசின்னு பாப்புவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

புனேல ரெண்டாவது நாளே பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி ஆகி, கையைத் தூக்க முடியல. பயிற்சி நடுவுல பாத்ரூம்ல போய் வலி தாங்கற அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சி விட்டுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்து உட்காருவேன். வீட்டுல பாப்புவைப் பார்த்துக்க கும்பகோணத்துல இருந்து அத்தை வந்திருந்தாங்க. ராத்திரி போன்ல சொன்னேன். "ஏம்மா, மல்லிப்பூ கிடைக்குமா அங்க? நெருக்கமாத் தொடுத்ததா வாங்கி உள்ள வச்சுக் கட்டிக்க. பால் வத்திரும்"னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா வலிக்கறவளுக்கு என்ன நம்பிக்கை வேண்டிக்கிடக்கு? சிக்னல்ல கஜ்ரா விக்கற பையன் கிட்ட 4 சரம் வாங்கினேன். தலைல வைக்காம பைக்குள்ள போட்டுக்கிட்டதைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்த்தார் :)

இதுல ஒரு விஷயம் பின்னாடிதான் தெரிஞ்சுது. மல்லிகைப்பூவை மார்புல கட்டினா பால் குறையுமான்னு உண்மையிலேயே மருத்துவர்கள் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. புதுசா பிரசவம் ஆனவங்கள்ல சிலருக்குப் பூ, சிலருக்கு பால் நிறுத்தற புரோமோகிரிப்டின் மாத்திரை. 1988ல வெளிவந்த ஆய்வு. ரத்தத்துல ப்ரோலாக்டின் அளவு மாத்திரைக்குத்தான் அதிகமா இறங்கியிருக்கு. ஆனா மார்பு கட்டறது, பால் வர்றது, வலி மாத்திரை தேவைப்படறதுன்னு பார்த்தா ரெண்டும் சமமா இருந்திருக்கு. இதை அத்தை கிட்ட பெருமையா சொன்னேன். "எங்க பாட்டியைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பாளே, இதுக்கு எதுக்குப்பா ஆராய்ச்சி"ன்னுட்டாங்க. எனக்கு நாலஞ்சு நாள்ல கட்டு இளகிடுச்சு. பூவாலயா, தானாவான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பூ வாசம் நல்லா இருந்துச்சு, அது உண்மை.

ஊர் திரும்பினேன். பாப்பு ஓடி வந்து, வழக்கம் போல துப்பட்டாவை விலக்கிப் பார்த்துச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "பா... காலி?"

"ஆமாடா, காலி."

துப்பட்டாவை இருந்தபடியே இழுத்து மூடி விட்டுட்டு, பொம்மை பஸ்ஸை எடுக்கப் போயிடுச்சு. அவ்ளோதான். நான் தான் சோபாவுல உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன்.

அதுக்கு மூணாவது வாரம் தாடைல முதல் பரு. மேல வர்ற வெள்ளைப் பரு இல்ல, தோலுக்கு அடியில உருண்டையா, தொட்டா உயிர் போற வலி. ஒரு வாரத்துல அஞ்சு. அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன்.

நம்ம ஊர்ல வயித்துல புண்ணுன்னா வெளியில யாருக்கும் தெரியாது. மூஞ்சில ஒன்னு வந்தா, காய்கறிக்காரம்மால இருந்து கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர் வரைக்கும் எல்லாரும் டாக்டர்தான். எதிர்வீட்டு அக்கா: "உடம்பு சூடு. எண்ணெய் தேய்ச்சுக் குளி." அம்மா: "கஸ்தூரி மஞ்சளும் சந்தனமும் அரைச்சுப் போடுடி." ஆபீஸ் தோழி: "முல்தானி மட்டி." இன்னொரு தோழி: "எலுமிச்சம்பழம்." (இதைப் போட்டுட்டு நான் குதிச்ச குதில கீழ் வீட்டுக்காரர் மேல வந்து விசாரிச்சார்.) அத்தை மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டாங்க. "பார்த்தியா, நெடியே வரல. அவ்ளோ கண்ணு." ரங்கமணி மட்டும் "எனக்கு ஒன்னும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கே"ன்னார். அதுக்கும் ஒரு கிர்ர்ர்ர்.

இதையெல்லாம் கூட சிரிச்சுத் தள்ளிட்டேன். தள்ள முடியாம போனது ஒன்னு.

வைகாசில மதுரைல சொந்தக்காரங்க கல்யாணம். பவுடரை அப்பிக்கிட்டுப் போனேன். பந்தில எனக்குப் பக்கத்து இலைல உட்கார்ந்திருந்த தூரத்து உறவு பெரியம்மா ஒருத்தங்க தாடையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தாங்க. "பால்குடி மறக்காத பிள்ளையைத் தவிக்க விட்டுட்டு வெளியூர் போனியாமே? அந்தப் பிள்ளை அழுத கண்ணீர் சும்மா விடுமா? அதான் மூஞ்சில கொப்புளிக்குது." சொல்லிட்டு "தம்பி, இந்த இலைக்குப் பாயசம்"னு அவங்க பாட்டுக்குக் கூப்பிட்டாங்க. வேணும்னு நோகடிக்கல. அவங்களுக்கு அது ஒரு தகவல், அவ்ளோதான்.

எனக்கு பாயசம் இறங்கல. ஏன்னா அவங்க சொன்னதைத்தான் நானும் மூணு வாரமா எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன். 2 வயசுக்கு இன்னும் 5 மாசம் இருந்துச்சு. ஒரு பயிற்சிக்காக நிறுத்திட்டே. அனுபவி. தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னா ஒவ்வொரு பருவும் ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி தெரிஞ்சுது. அந்த நாட்கள்ல காரணமே இல்லாம வேற அழுகை வரும். பல் தேய்க்கும்போது அழுகை, பஸ்ல அழுகை.

இந்த மனநிலைல தான் மெட்ராஸ் திரும்பினதும் ஒரு மெடிக்கல் ஷாப்புல போய் நின்னேன். "பருவுக்கு ஏதாவது கிரீம் இருக்கா?" அவர் யோசிக்கவே இல்ல. ஒரு சின்ன டியூபை எடுத்து வச்சார். "இதைப் போடுங்க மேடம். எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. கலரும் குடுக்கும்."

மக்களே, நாலாவது நாள் மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சு. சிவப்பு போச்சு, வலி போச்சு. ரெண்டாவது வாரம் ஆபீஸ்ல "என்ன விசேஷம்?"னு கேட்டாங்க. அத்தை வீடியோ கால்ல "கலர் குடுத்திருக்கே"ன்னாங்க. நான் தரையிலயே நடக்கல. தப்பெல்லாம் மன்னிக்கப்பட்ட மாதிரி ஒரு நிம்மதி.

ஆறாவது வாரம் டியூப் தீர்ந்துச்சு. ரெண்டு நாள் வாங்க மறந்துட்டேன். மூணாவது நாள் காலைல மூஞ்சி எரியுது. வெயில்ல நின்னா மிளகாய்ப்பொடி தடவின மாதிரி. கன்னம் முழுக்க செக்கச்செவேல், அதுமேல பொடிப்பொடியா பரு, முன்னாடி இருந்ததை விட மூணு மடங்கு. ஓடிப்போய் இன்னொரு டியூப் வாங்கினேன். போட்டா அடங்குது, விட்டா எரியுது. குடிகாரன் கதை ஆயிப்போச்சு.

ரங்கமணி தான் அந்த அட்டைப்பெட்டியைக் கண்ணு கிட்ட வச்சுப் படிச்சார். மொமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். அதுக்குக் கீழே, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு எறும்பு சைஸ் எழுத்துல. "இது ஸ்டீராய்டும்மா"ன்னார். மறுநாள் லீவு போட்டுட்டு தோல் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனார்.

அந்த டாக்டரம்மா என் மூஞ்சியைப் பார்த்ததும் முதல்ல கேட்டது: "என்ன கிரீம் போட்டீங்க, எத்தனை நாளா?" தினமும் இப்படி ரெண்டு மூணு பேராவது வர்றாங்களாம். 2018லயே 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கற பட்டியலுக்குள்ள அரசாங்கம் கொண்டு வந்துட்டாங்க. ஆனாலும் கடைல கேட்டா கிடைக்குது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிடும், அதனால முதல்ல அற்புதம் மாதிரி இருக்கும். பருவோட காரணத்தை அது தொடறதே இல்ல. நாள் ஆக ஆக தோல் மெலிஞ்சு போகும், ரத்தக்குழாய் வெளிய தெரியும், சிலருக்கு மூஞ்சில முடி வளரும். நிறுத்தினா அமுக்கி வச்சதெல்லாம் பொங்கிட்டு வரும். எனக்கு நடந்தது அதுதான்.

"குழந்தை கூடவே படுக்கறீங்களா? அது கன்னத்துல கன்னம் வைக்குமா?"ன்னு கேட்டாங்க. வைக்கும். தினமும் அப்படித்தான் தூங்கும். "அப்போ நீங்க போட்டது அதுக்கும் தானே ஒட்டும்?" எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. நல்லவேளை, பாப்பு தோல்ல ஒன்னும் ஆகலைன்னு பார்த்துச் சொன்னாங்க.

அப்புறம் நிதானமா மத்ததை விசாரிச்சாங்க. பீரியட்ஸ் எப்ப திரும்ப வந்துச்சு? உடம்புல வேற எங்கயாவது முடி வளருதா? தலைமுடி கொட்டுதா? எடை? தைராய்டுக்கும் நீர்க்கட்டிக்கும் பரிசோதனை எழுதினாங்க, ரெண்டும் சரியா இருந்துச்சு. "பால் நிறுத்தி எவ்வளவு நாள் ஆச்சு?" சொன்னேன். "ஓ, அப்படியா"ன்னு பேனாவைக் கீழ வச்சுட்டு விளக்கினாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பால் குடுக்கும்போது ப்ரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் உடம்புல தூக்கலா இருக்கும். பால் சுரக்க வைக்கறது அது தான். அதோட, "நீ கொஞ்ச நாள் சும்மா இரு"ன்னு சினைப்பையையும் அடக்கி வைக்கும். அதனால தான் பால் குடுக்கற மாசங்கள்ல நிறைய பேருக்கு பீரியட்ஸ் வராது, வந்தாலும் தாறுமாறா வரும். (எனக்கு 13வது மாசம் ஒரு தடவை வந்துட்டு, அப்புறம் அதுக்கு இஷ்டப்பட்டப்போ வந்துச்சு.) பாலை நிறுத்தினதும் ப்ரோலாக்டின் இறங்கும். சினைப்பை முழுசா முழிச்சுக்கிட்டு, ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் மாசாமாசம் ஏத்தி இறக்க ஆரம்பிக்கும். தோல்ல இருக்கற எண்ணெய்ச் சுரப்பிக்கு எஜமான் ஆண்ட்ரோஜன். ஆம்பளை ஹார்மோன்னு சொன்னாலும் நம்ம உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். இவங்களுக்குள்ள விகிதம் மாறும்போது சிலருக்கு எண்ணெய் அதிகமா சுரக்கும், துவாரம் அடைக்கும், உள்ள வீங்கும். வயசுக்கு வர்ற காலத்துல வர்ற அதே கதை தான். பெரிய பொம்பளைங்களுக்கு பெரும்பாலும் தாடை ஓரத்துலயும் முகவாய்லயும் வரும், பீரியட்ஸுக்கு முந்தின வாரம் கூடும். யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் வந்திருக்கு. நான் தான் காலண்டரைப் பார்க்காம கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

எல்லாருக்கும் வரணும்னு இல்லையாம். சிலருக்கு கர்ப்பத்துலயே வரும், சிலருக்கு பால் குடுக்கும்போது வரும், சிலருக்கு எப்பவுமே வராது. மனசு சோர்ந்து போறதும் பால் நிறுத்தற நேரத்துல சிலருக்கு உண்டாம். ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா டாக்டரைப் பார்க்கணும், "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்"னு விடக் கூடாதுன்னாங்க.

கேட்கணும்னு நினைச்சதை அப்போ கேட்டுட்டேன். "டாக்டர், நான் 5 மாசம் முன்னாடியே திடீர்னு நிறுத்தினதாலயா?"

அவங்க சொன்னதை இன்னைக்கும் அப்படியே ஞாபகம் வச்சிருக்கேன். "மெதுவா நிறுத்தியிருந்தா பால் கட்டியிருக்காது. உங்க மனசுக்கும் பழக டைம் கிடைச்சிருக்கும். ஆனா பரு வந்திருக்காதுன்னு யாரும் சொல்ல முடியாது. 2 வயசோ 3 வயசோ, ஒரு நாள் நிறுத்தித்தானே ஆகணும்? நீங்க என்னைக்கு நிறுத்தியிருந்தாலும் உங்க உடம்பு பழைய கணக்குக்குத் திரும்பித்தான் ஆகணும். இது தண்டனை இல்லம்மா. இது திரும்பி வர்ற வழி."

அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு. ரங்கமணி கைக்குட்டையை நீட்டினார். டாக்டரம்மா "கண்ணீர் பட்டா எரியும், துடைச்சுக்கோங்க"ன்னாங்க. அனுபவசாலி :)

வைத்தியம் என்னன்னா, முதல்ல அந்த டியூப் குப்பைக்குப் போச்சு. "இன்னும் மோசமாகும், பயந்து போய் திரும்ப வாங்காதீங்க"ன்னு எச்சரிச்சுத்தான் அனுப்பினாங்க. சொன்ன மாதிரியே ஆச்சு. ஒரு மாசம் வெறும் மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மஞ்சள், எலுமிச்சை, கடலைமாவு எல்லாத்துக்கும் தடை. அந்த ஒரு மாசம் நான் வெளிய தலை காட்டினதே அபூர்வம். எரிச்சல் அடங்கினதும் அசிலாயிக் ஆசிட் கிரீம். அதுக்கு அப்புறம் ராத்திரில பட்டாணி அளவு அடாபலின், காலைல 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு.

அடாபலின் எழுதறதுக்கு முன்னாடி "அடுத்த குழந்தை பிளான் இருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் ரங்கமணியைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். "இல்ல டாக்டர்"ன்னேன். அது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து, கர்ப்ப காலத்துல தவிர்க்கணும். பருவுக்குக் குடுக்கற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் அதே குடும்பம் தான். அது வயித்துல இருக்கற குழந்தையைக் கடுமையா பாதிக்கக் கூடியது. அதனால யாரோ சாப்பிட்டு நல்லாச்சுன்னு மாத்திரை அட்டையைக் கைமாத்து வாங்கவே கூடாது. சிலர் பிள்ளை குடிக்கும்போதே பரு வந்து டாக்டர் கிட்ட போவாங்க, அவங்க பால் குடுக்கறதை முதல் வார்த்தையாச் சொல்லிடணும்.

இன்னொரு எச்சரிக்கையை யாரும் எனக்கு சத்தமா சொல்லல, நான் சொல்றேன். பென்சாயில் பெராக்சைடு துணியோட சாயத்தை எடுத்துடும். அத்தை ஆசையா வாங்கிட்டு வந்த மெரூன் கலர் தலையணை உறைல என் தாடை வடிவத்துல ஒரு வெள்ளைத் திட்டு இப்பவும் இருக்கு. "ஏம்மா, துணிக்கே இப்படின்னா மூஞ்சிக்கு?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி தான். அவ்வ்வ்வ்.

பலன் தெரிய 8ல இருந்து 12 வாரம் ஆகும்னு சொன்னாங்க. நாலு நாள்ல பளபளப்பைப் பார்த்தவளுக்கு 12 வாரம்ங்கறது யுகம். ஆனா அந்தக் காத்திருப்புல தான் எனக்கு ஒன்னு உறைச்சுது. பாலை 10 நாள்ல நிறுத்தணும்னு ஓடினேன். பருவை 4 நாள்ல விரட்டணும்னு ஓடினேன். பிள்ளை வர 9 மாசம், பால் குடுக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்ட உடம்பு, திரும்பிப் போக ஒரு நாலஞ்சு மாசம் கேட்டா அதுல என்ன தப்பு? அவசரம் எனக்கும் என் ஆபீஸுக்கும் தான் இருந்துச்சு. அதுக்கு இல்ல.

தீபாவளிக்குள்ள புதுப் பரு வர்றது நின்னு போச்சு. கறுப்புத் தழும்பு மட்டும் இருந்துச்சு. நம்ம மாதிரி மாநிறத் தோல்ல பரு போனாலும் தழும்பு மாசக்கணக்குல நிக்கும், வெயில் பட்டா இன்னும் கறுக்கும். அதுக்கு சன்ஸ்கிரீனும் பொறுமையும் தான் மருந்து. கிள்ளவே கூடாது. பதினாறு வயசுல என் தோழிங்க கிட்ட நான் சொன்ன ஒரே உருப்படியான புத்திமதி அதுதான், அதைக் கடைசில நானே கேட்கல.

போன மாசம் சித்தி பொண்ணு போன் பண்ணினா. பையனுக்குப் பாலை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சாம். "அக்கா, தாடைல ஏதோ உருண்டையா வருது. பால் விஷமாயிடுச்சுன்னு இங்க பாட்டி சொல்றாங்க. கடைல ஒரு கிரீம் குடுத்தாங்க, போடவா?" டியூப்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டச் சொன்னேன். அதே மூணு பேர். "தூக்கிப் போடுடி"ன்னு நான் கத்தின கத்தல்ல அவ பையன் முழிச்சுக்கிட்டான். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். மறுமுனைல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா"ன்னா. எனக்கு அந்தக் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு இதைச் சொல்ல ஒருத்தர் இருந்திருந்தா அந்த டியூப் என் வீட்டுக்குள்ள வந்திருக்காது.

பாப்புவுக்கு இப்போ 2 வயசு தாண்டியாச்சு, பேச்சு பிச்சு உதறுது. நான் காலைல கண்ணாடி முன்னாடி சன்ஸ்கிரீன் போடும்போது மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு என் தாடையைத் தடவிப் பார்க்கும். நேத்தும் பார்த்துச்சு.

"அம்மா, உவ்வா காலி?"

"காலிடா."

தழும்புல விரலை வச்சுச்சு. "இங்க இன்னும் இருக்கு."

"அது மெதுவாப் போகும்."

"சரி"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிடுச்சு. அதுக்கு இருக்கற பொறுமை எனக்கு இருந்திருந்தா, இவ்ளோ நீள பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

உள்ள ஏதோ உருள்ற சத்தம் கேட்குது. போய்ப் பார்க்கறேன். வர்ட்டா!